விடாத கரடி

அம்மாவுக்கு,

கும்பிடுறேன். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? நான் நல்லா இருக்கேன். என் குரலைக் கேட்டாலே உன் பேத்தி அழுறான்னு சொன்னியே, அதான் போன் பண்ணாம எழுதுறேன்.

அவ தினமும் பார்க்கிற எங்க கார்ட்டூன்ல, கரடியும் முயலும் சண்டை தீர்ந்து கட்டிப்பிடிக்கிற காட்சியை இந்த வாரம் என்னை வரையச் சொன்னாங்க. கட்டிப்பிடிச்சுப் பார்க்க இங்க எனக்கு ஆள் ஏது? ரூம்ல தலையணையைக் கட்டிப்பிடிச்சு, அதை வீடியோ எடுத்து, பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். டைரக்டரம்மா பார்த்துட்டு, "சின்னப் பிள்ளைங்க ஒரு நொடி கட்டிப்பிடிச்சுட்டு ஓடிடும். உன் கரடி விடவே மாட்டேங்குதே, முயலுக்கு மூச்சு முட்டப்போகுது!"ன்னாங்க. ஆபீஸே சிரிச்சுது, நானும்தான். மூணு தடவை திருத்தியும் சரியா வரலை.

ஒரு உதவி பண்ணும்மா. என் குட்டி பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கட்டிப்பிடிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பு. பிடிக்கிறது எனக்குத் தெரியும். விடும்போது கை எப்படிப் போகும்னுதான் தெரியலை. நான் கிளம்பின அன்னைக்கு என் கழுத்தைக் கட்டியிருந்த அவ கையை நீதானே பிரிச்சு எடுத்த.

பஸ் வந்துடுச்சு. மறந்துடாத.

உன் மக