எறிவார் என்று எழுதினேன்

4 மார்ச் 1978, சனி

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியும் மாற்றமாட்டேன்.

பேப்பரின் மாணவர் பக்கத்தில் என் கட்டுரை வந்திருக்கிறது. 'என் அண்ணன் சவரி.' ஈப்போ கிரிக்கெட் கிளப்பில் ஸ்பின் போடுகிறவர். மாதக் கடைசியில் பேராக் குழுவுக்குத் தேர்வு. எல்லாரும் 'பந்து போடுறார்' என்பார்கள். போடுவது சோற்றுக்கும் சட்டைக்கும். 'வீசுவார்' என்றால் காற்று மாதிரி. யோசித்து, 'அண்ணன் பந்தை எறிந்தால் எதிரணி நடுங்கும்' என்று எழுதினேன். கம்பீரமாக இருந்தது.

அம்மா அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அண்ணன் படித்துவிட்டு, "என்னைப் பத்தியா, வேற யாரையோ பத்தியா?" என்று கேட்டார். அவருக்குச் சந்தோஷம்தான்.

11 மார்ச், சனி

வெயில். பாடாங் திடலில் மேட்ச். எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

எதிரணி ஆள் ஒருவன் என் கட்டுரையை வெட்டிக்கொண்டு வந்திருந்தான். உரக்கப் படித்தான். "டேய், தங்கச்சியே சொல்லுதுலா, அண்ணன் எறியிறாராம்." எல்லாரும் சிரித்தார்கள். அம்பயர் தமிழர். வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டீக்குப் பிறகு, பக்கவாட்டில் நின்ற அந்த அம்பயர் கையை நீட்டி, பந்தை எறிகிறார் என்று நோ-பால் கொடுத்தார். அண்ணன் மறுபடி போட்டார். மறுபடி நோ-பால். கேப்டன் பந்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் அண்ணன் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

13 மார்ச், திங்கள்

கணக்குச் சோதனை. மோசம். மதியம் நூலகம். விதிப் புத்தகம் இருந்தது. கை வளைந்திருப்பது குற்றமில்லை. பந்தை விடும் நேரத்தில் வளைந்த முழங்கை நிமிர்ந்தால்தான் அது எறிவது. சித்தியவான் எஸ்டேட்டில் இருந்தபோது அண்ணன் மரத்திலிருந்து விழுந்தார். அன்றிலிருந்து வலது முழங்கை வளைவாகவே இருக்கிறது. அப்படியானால் குற்றமில்லை. ஓடி வந்து அண்ணனிடம் சொன்னேன்.

வீட்டில் கேப்டன் இருந்தார். "மச்சான், மாசக் கடைசி டிரையல்ல பேட்டிங் மட்டும் பண்ணு. பௌலிங் வேணாம்லா."

"நான் கடைசி ஆளு மச்சான். என் பேட்டிங்கப் பாக்க யாரு வருவா?" அண்ணன் சிரித்தார். பிறகு, "நான் நிப்பாட்டிக்கிறேன்" என்றார்.

அம்மா: "இருபத்திரண்டு வயசுல ரிட்டயரா? உங்கப்பாவே இன்னும் ரயில்வேல இருக்காரு."

15 மார்ச், புதன்

மாலை மழை. ரொட்டி வாங்க முஸ்லிம் மாமாக் சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். பக்கத்து மேசையில்: "நம்ம சிலிபின் பக்கத்துலயே கல்லெறி சவரின்னு ஒருத்தன் இருக்கானாம்." "அவன் தங்கச்சி பேப்பர்ல எழுதுச்சே, அவனா?" கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியும். நான் தரையைப் பார்த்தேன். என் அண்ணன் என்று சொல்லவில்லை. ரொட்டியை மறந்து வந்துவிட்டேன்.

17 மார்ச், வெள்ளி

மழை இல்லை. பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார். கையில் பந்து.

"நீதான் புத்தகம் படிச்ச புள்ள. அம்பயர் மாதிரி அங்க நில்லு. பாத்துட்டு உள்ளதச் சொல்லு."

நின்றேன். மெதுவாகப் போட்டபோது முழங்கை வளைந்தபடியே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவருடைய பேர்போன பந்து, வேகமாக வந்து திரும்புவது. வளைந்த கை பாதியளவு நிமிர்ந்தது. இன்னொன்று கேட்டேன். அதுவும் அப்படியே.

"எப்படி?"

"சரியாத்தான் இருக்குண்ணே."

"அப்ப டிரையலுக்குப் போலாமா?"

'போங்க' என்று சொல்ல வேண்டியதுதான். வாய் திறக்கவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழாயடியில் பந்தின் மண்ணைக் கழுவித் துடைத்து, என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இப்போது என் மேசையில் இருக்கிறது. இன்னும் ஈரம்.

தவறான சொல்லை எழுதிவிட்டேன் என்று ஒரு வாரம் அழுதேன். சொல் தவறில்லை. தெரியாமல் எழுதியபோது உண்மை. தெரிந்து சொன்னபோது பொய், அதையும் ஒழுங்காகச் சொல்லத்

நேற்று இந்த இடத்தில் அண்ணன் வந்து லைட்டை அணைத்துவிட்டார்.