மூன்றாம் ஓலைக்கு முன்

பெப்ரவரி 9, ஞாயிறு

வாடைக்காற்று விடவில்லை. கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கண்ணுக்குள் மணல்.

இன்று முதல் ஓலை. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும். பூசை முடிந்ததும் சாமியார் வாசித்தார்: குறிஞ்சிப்பிட்டி அந்தோனிப்பிள்ளையின் இளைய மகள் திரேசாவுக்கும், உச்சமுனை காலஞ்சென்ற சூசையின் ஒரே மகன் ப.வுக்கும் விவாகம். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்க வேண்டும். (ப. என்றே எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதக் கை கூசுகிறது.) பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். தடை எனக்குத் தெரியும். ஆனால் மணப்பெண்ணே எழுந்து அறிவித்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை.

தடை இதுதான். ஆங்கில ஆசிரியைப் பரீட்சை 25ஆம் திகதி செவ்வாய், புத்தளத்தில். கலியாணமும் 25ஆம் திகதி செவ்வாய். நாள் குறித்த பிறகுதான் பரீட்சைக் கடிதம் வந்தது. நேற்று மடத்தில், எனக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் மதர் அதை வாசித்துக் காட்டியபோது என் முகம் போன போக்கைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஒரு நாள் முந்தி வைக்க முடியாது. மூன்றாம் ஓலையே 23ஆம் திகதிதான், திங்கள் சாமியார் வேறு கோயிலில். பிந்தி வைக்கவும் முடியாது. மறுநாள் விபூதிப் புதன், தபசுகாலம் தொடங்கிவிடும்; பாஸ்குப் பெருநாள் வரை கலியாணம் இல்லை. பாஸ்கு முடிந்தால் சோளகக் காற்று பிறந்துவிடும். ப. வலையோடு முல்லைத்தீவுக்குப் போனால் ஐப்பசியில்தான் திரும்புவார். ஆக நான் ஒரு நாள் கேட்டால் அது அவருக்கு எட்டு மாதம்.

இரவுக்குக் கஞ்சி. உப்பு கூடிவிட்டது. நான்தான் போட்டேன்.

பெப். 10, திங்கள்

பள்ளிக்கூடம். நான் படிப்பிக்கும் சிறு வகுப்பில் பாதிப் பேர் இல்லை, இறால் காலம்.

மதர் தந்த தாளை இடைவேளையில் செய்தேன். மாற்றுவது பற்றிய வினைகள். எந்த வினை எந்தச் சொல்லோடு சேரும் என்று கோடு போட்டு இணைக்க வேண்டும்.

உடுப்பு — ஆல்டர்
சட்டம் — அமெண்ட்
வலை — மென்ட்
எந்திரம் — றிப்பெயர்
கடிகாரம் — அட்ஜஸ்ட்
தீர்ப்பு — றிவர்ஸ்
திகதி — சேஞ்ச் ஆகும், போஸ்ட்போன் ஆகும்
மனம் — சேஞ்ச் மட்டும்

இந்த வெள்ளைக்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று முதலில் எரிச்சல். ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு வேலைக்காரனை வைத்திருக்கிறது, அடுத்தவனைக் கிட்ட விடாது. பிறகு யோசித்தால் நாங்களும் அப்படித்தான். வலையைப் பொத்துகிறோம், கூரையை வேய்கிறோம், நாளைத் தள்ளிவைக்கிறோம். அம்மா கருவாட்டைப் புரட்டிப் போடுவதை மாற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. எழுதுகிறபோது சிரிப்பு வந்தது.

பின்னேரம் அப்பா வள்ளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அம்மா பின்னால் நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அதைப் பார்த்தும் கேட்டேன்.

"அப்பா, நாளைத் தள்ளி வைக்கேலாதோ?"

"ஆர்ர நாளை?"

"எங்கட நாளை."

"வாக்குக் குடுத்தவன் நான். ஓலையும் வாசிச்சாச்சு. மாத்திப் போட இது என்ன சட்டையா?"

தூரிகை நிற்கவேயில்லை. அவ்வளவுதான் பேச்சு.

பெப். 12, புதன்

காற்று கொஞ்சம் தணிவு. தலைவலி.

அக்காவின் கலியாணச் சட்டையை அம்மா எனக்கு ஒடுக்கித் தைக்கிறாள். அக்கா என்னைவிடப் பருமன். அம்மா ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறாள், ஒரு நாளைக்கு விழுங்கப் போகிறாள்.

"பரீட்சை அடுத்த வருசமும் வரும் பிள்ள."

வரும். ஆனால் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலியாணமான ஆசிரியையை வைத்திருக்கும் வழக்கம் இல்லை. பள்ளிக்கூடம் அனுப்பாமல் பரீட்சை எழுத முடியாது. அம்மாவுக்கும் இது தெரியும். உச்சமுனைத் தீவில் பள்ளிக்கூடம் இல்லை. ஆசிரியைப் பத்திரம் உள்ளவள் ஒருத்தி அங்கே வந்தால் ஓலைக்கொட்டில் போட்டுத் தொடங்கலாம், ஆசிரியைக்குப் புருஷன் இருந்தாலும் பரவாயில்லை என்று சாமியார் போன வருடம் சொன்னார். இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அந்தத் தீவும் வேண்டும், கொட்டிலும் வேண்டும். பேராசை என்றால் பேராசைதான்.

சட்டை இடுப்பில் சரியாக வந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம். கண்ணாடியில் நான் என்னைப் பார்க்கவில்லை.

பெப். 15, சனி

செய்துவிட்டேன். எழுத்து கோணல்.

காலையில் கற்பிட்டி மடத்தில் பாடம். மதர் என் தாளில் ஒரு பிழைதான் போட்டார். கெட்ட பழக்கம் என்ற சொல்லோடு மென்ட் போட்டிருந்தேன், பிறேக் என்று திருத்தினார். கெட்ட பழக்கத்தைப் பொத்திச் சரிப்படுத்த முடியாது, உடைக்கத்தான் வேண்டுமாம்.

வரும் வழியில் துறையில் உச்சமுனை வள்ளம். ப. மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நிச்சயம் பண்ணிய பெண் துறையில் நின்று மாப்பிள்ளையோடு கதைப்பதாவது! மீன் ஏலம் போடுகிற மரைக்கார்கூட வாயை மூடிவிட்டார். கால் தானாகப் போனது.

"உங்களோட ஒரு கதை."

அவர் கூடையைக் கீழே வைத்தார். இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்: பரீட்சை, செவ்வாய், பத்திரம், கொட்டில். நான் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்ததுபோல நின்றார்.

"அப்பிடியெண்டால் ஐப்பசி வரைக்கும் போகும்."

"ஓம்."

"அம்மா தனிய. இருமல் வேற."

"தெரியும்."

"உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, அவர் எப்படி எடுத்தாரோ. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் இத்தனை வினை படிக்கிறவளுக்குத் தமிழில் ஒன்று வரவில்லை.

"நான் யோசிக்கிறன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

துணி தோய்க்கச் சவர்க்காரம் வாங்க மறந்துவிட்டேன். அம்மாவிடம் ஏச்சு.

பெப். 16, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வாசித்தார்கள். ஒரு எழுத்துக் குறையவில்லை.

ப. யோசித்து முடித்துவிட்டார் போல. சரி. அவர் பக்கம் நியாயம். எனக்குக் கோபம், அவர் மேலா, என் மேலா, விபூதிப் புதன் மேலா தெரியாது. ஆண்கள் பக்கம் பார்த்தேன். தூணுக்கு அப்பால் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது. வெயிலில் கறுத்த முழங்கை. பூசை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா?

பெப். 19, புதன்

எதிர்பாராத வரவு. ப.வின் தாயார். தனியாக, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பா கதிரை எடுத்துப் போட்டார், அம்மா பாணும் தேத்தண்ணியும் வைத்தாள். இருமல் பொல்லாதது. ஒவ்வொரு இருமலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல.

"அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு பிள்ள. ஜன்னல் ஒண்டும் வெட்டிப் போட்டன். களப்புத் தண்ணி தெரியும்."

எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அலுமாரிக்கு மேல் என் புத்தகங்கள். மாமி எழுந்து போய் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நீ படிக்கிறதோ?"

"ஓம் மாமி."

"முழுக்கவும்?"

"ஓம்."

முந்தானையால் தூசி தட்டி இருந்த இடத்திலேயே வைத்தார். மகன் ஏதும் சொல்லியிருப்பாரோ என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. போகும்போது என் கன்னத்தைத் தொட்டார். கை சுடுகிறது, காய்ச்சல்.

எனக்காக ஜன்னல் வெட்டியவரை எட்டு மாதம் தனியாக விட நினைத்தவள் நான். ராட்சசி.

பெப். 21, வெள்ளி

மதர் ஆள் அனுப்பிக் கேட்டார்: பரீட்சைக்கு வருவது உறுதியா, இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடவா?

வருவேன் என்று சொல்லி அனுப்பினேன். அதே நாளில் கலியாணப் பலகாரத்துக்கு மா இடித்தேன். ஒரே செவ்வாயில் இரண்டு இடத்துக்கு வருவதாகச் சொன்னவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சட்டை ஸ்திரி போட்டு அலுமாரியில் தொங்குகிறது.

பெப். 23, ஞாயிறு. மத்தியானம்

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

மற்ற இரண்டு சோடியின் பெயர் வந்தது. பிறகு சாமியார் தாளை மடித்தார். நான் இருக்கிற இடத்தில் தரை இருக்கிறதா என்று கையை ஊன்றிப் பார்த்தேன். அம்மா, "என்னடி, என்னடி" என்று முழங்கையால் இடிக்கிறாள்.

அப்பா சாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பிய நடையிலேயே விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளையே நேற்று வந்து நிறுத்தச் சொன்னாராம். வலை வேலை முடியவில்லை, சோளகம் கழித்து வைத்துக்கொள்வோம், குற்றம் தன்னுடையது என்றாராம்.

"தகப்பன் இல்லாத பொடியன் எண்டு இரங்கிக் குடுத்தன். ஊர் முன்னால என்ட மூக்கை அறுத்துப் போட்டான். வாக்கு மாறி! இனி ஐப்பசியும் இல்ல, ஒண்டும் இல்ல. அவன் வேணாம்."

அம்மா அழுகிறாள். அப்பா தொப்பியை எறிந்தார், அது மண்பானையில் பட்டுத் தண்ணீர் சிந்தியது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. செவ்வாய் எனக்குத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பரீட்சை எழுதலாம். ப. மட்டும் போய்விடுவார். வாயைத் திறந்தால் அப்பா பரீட்சைக்கு விடமாட்டார், ப.வும் நிச்சயமில்லை.

தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடே எழுந்தேன்.

"அப்பா, அவர் வாக்கு மாறேல்ல. நான்தான் கேட்டனான். துறையில வச்சு. பரீட்சைக்காக."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா வாசலில் இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அதே நாள், பின்னேரம்

அப்பா கடற்கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். அம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய் அவர் காலடியில்.

ப. வேண்டும் எனக்கு. நான் அதைத் துறையிலேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன பயன்?

பெப். 24, திங்கள்

விடியவே அப்பா வள்ளத்தில் பாய் ஏற்றி உச்சமுனைக்குப் போய்விட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சண்டைக்கா, சமாதானத்துக்கா? அம்மா மாதா படத்துக்கு முன்னால். நான் பெட்டியைக் கட்டவும் இல்லை, கட்டாமல் இருக்கவும் இல்லை. இரண்டு சட்டை, பேனா, மதரின் தாள் எல்லாம் படுக்கைப் பாயில் கிடக்கின்றன. இன்று பொழுதுபடுமுன் புத்தளம் சேராவிட்டால் பரீட்சை இல்லை.

வினைகளைத் திருப்பிப் படிக்கப் பார்த்தேன். அமெண்ட், ஆல்டர், அட்ஜஸ்ட். ஒன்றும் தலையில் ஏறவில்லை.

பதினொரு மணி இருக்கும். அப்பா வந்தார். கையில் வாழையிலைப் பொதி ஒன்று. அதை என் முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். செம்பு காலியாகும்வரை குடித்தார்.

"கேட்டன். பிள்ளை கேட்டதாலதான் நிப்பாட்டினியோ எண்டு. இல்லையாம். நீ துறைக்கு வரவே இல்லையாம். பரீட்சை எண்டொரு சாமான் இருக்கிறதே தெரியாதாம். சத்தியம் பண்ணாத குறை."

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி, இவன்தான் பொய்காரன் எண்டு எழும்பி வாறன். தாய்க்காரி பின்னால ஓடி வாறா, இருமிக்கொண்டு. பொரிச்ச மீனும் சோறும். 'பிள்ளைக்கு நாளைக்கு எத்தின மணிக்குப் பரீட்சை? வெறும் வயித்தோட அனுப்பாதீங்க.' அவன் அம்மா அம்மா எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறான்."

அம்மா சிரித்துவிட்டாள், பிறகு பயந்து வாயைப் பொத்தினாள்.

"நீ என்னடா எண்டால் அவனுக்குப் பழி வராம என்னட்ட ஒண்டு சொல்லுறாய். அவன் உனக்குப் பழி வராம இன்னொண்டு சொல்லுறான். நல்ல சோடி. என்னை முட்டாளாக்கப் பிறந்த சோடி."

ஐப்பசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. நேற்று எறிந்த தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

பொதியைப் பிரித்தேன். முள் எடுத்த மீன். பரீட்சைக்குப் போகிறவளுக்குத் தொண்டையில் முள் சிக்கக் கூடாதென்று அந்தக் காய்ச்சலோடு மாமி இருந்து எடுத்திருக்கிறார். அங்கேதான் அழுகை வந்தது. வந்தால் நிற்கவில்லை.

பஸ்தியான். எழுதிவிட்டேன். பஸ்தியான், பஸ்தியான்.

கடற்கரையில் பாய் படபடக்கிறது. அப்பாவின் குரல்:

"திரேசா! காத்து விழ முன்னம் வா. புத்தளம் என்ன பக்கத்து வீடோ?"