பதினொன்றரை ராத்தல்

காஜா பெராங், மலாக்கா
28-6-57

அன்புள்ள கோகிலா அக்காவுக்கு,
வணக்கம். உங்கள் தங்கை விஜயாவுக்கு எழுதப் படிக்க வராததால் வழக்கம்போல் நானே எழுதுகிறேன். எட்டாம் மாதம் நடக்கிறது. வயிற்றைப் பார்த்தவர்கள் இரட்டையா என்று கேட்கிறார்கள். மூத்தவளே பிறக்கும்போது ஒன்பது ராத்தல் எடை. இது அவளையும் மிஞ்சும் என்கிறார் மருத்துவச்சி பூங்காவனம். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. விஜயாவுக்குத்தான் ஓயாத தாகம், அசதி. நர்ஸ் வேலை வந்ததும் அக்கா எங்களை மறந்துவிட்டார் என்று குறைப்படுகிறாள்.
அன்புடன்,
கணேசமூர்த்தி

சிரம்பான்
4-7-57

அன்புள்ள தம்பிக்கு,
நலம், நாடுவதும் அதுவே. தாகத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனிப்புநீர் வியாதியாக இருக்கலாம். அப்படிப்பட்ட தாயின் வயிற்றில் பிள்ளை அளவுமீறி வளரும். தலை வெளியே வந்துவிடும். தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு இருப்பது சில நிமிடங்கள்தான். போன வருடம் அப்படி ஒரு குழந்தையை என் கையில் வாங்கினேன். பிழைத்தது, ஆனால் வலது கையைத் தூக்க இன்னும் வரவில்லை. டாக்டர் பக்கத்தில் இருந்துமே அந்தக் கதி. உடனே சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிரசவம் வீட்டில் வேண்டாம். இதை அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள்.
உங்கள் அக்கா,
கோகிலா

காஜா பெராங்
13-7-57

அன்புள்ள அக்காவுக்கு,
கோபிக்காதீர்கள். கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை; பயந்துவிடுவாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று மட்டும் சொன்னேன். மூத்தவளும் வீட்டில்தானே பிறந்தாள் என்கிறார் அம்மா. மெர்டேக்கா சுதந்திர விழா வேலையெல்லாம் முடியட்டும், ஆபீஸில் லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.
கணேசமூர்த்தி

காஜா பெராங்
26-8-57

அக்கா,
தந்தி கிடைத்திருக்கும். வியாழன் காலை வலி கண்டது. பதினோரு மணிக்குத் தலை வந்துவிட்டது என்றார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து பூங்காவனம், "தம்பி, தோள் வரமாட்டேங்குது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீக்கிரம் காடி கொண்டாங்க" என்றார். நான் டாக்சியோடு திரும்புவதற்குள் இழுத்து எடுத்திருந்தார். ஆண் குழந்தை. அழவில்லை. ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள், பதினொன்றரை ராத்தல். ரத்தம் நிற்காததால் விஜயாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். இனிப்புநீர்தான் என்கிறார் டாக்டர்.

எல்லோரும் பூங்காவனத்தைத் திட்டுகிறார்கள். நான் வாய் திறக்கவில்லை. நேற்று விஜயா கேட்டாள்: "அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமே. ஒரு வார்த்தை எழுதலையா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். காலைப் பிடித்துக் கேட்கிறேன், அது அப்படியே இருக்கட்டும்.
கணேசமூர்த்தி

சிரம்பான்
29-8-57

கணேசமூர்த்திக்கு,
ஆறு வருடமாக நான் அவளுக்கு எழுதியதெல்லாம் உங்கள் வாய் வழியாகத்தான் போனது. கடிதம் போட்டதோடு என் கடமை தீர்ந்தது என்று நானும் இருந்துவிட்டேன். பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். அந்தத் தவறை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். பூங்காவனத்தின் மேல் விழும் பழியில் உங்கள் பங்கை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை வருகிறேன். இனிப்புநீருக்கு இங்கே வைத்தியம் பார்க்கலாம். அவளையும் மூத்தவளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். அதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லித் தெரிந்துகொண்டால் அவள் உங்களிடம் திரும்பி வருவாளா, தெரியாது. நீங்கள் சொன்னாலும் வருவாளா, தெரியாது. ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள்.
கோகிலா