எட்டாம் வகுப்பில் மூழ்கும் ஐஸ்

12.7.1988, செவ்வாய்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், நான் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள். யோசிக்கிறார்களா என்று பார்க்க இன்று வேண்டுமென்றே, "ஐஸைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும்" என்றேன்.

"மூழ்கும்!" என்று ஓடு அதிரக் கத்தினார்கள்.

பாதிப் பேரின் அப்பாமார் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள். மீன் பெட்டித் தண்ணீரில் ஐஸ் மிதப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்.

"நெசமாவா?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர்!" அதற்கும் ஒரே குரல்.

வராந்தாவில் போன தலைமையாசிரியர் நின்று, "பிள்ளைக நல்லாப் பதில் சொல்லுதுகளே" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் பாம்பன் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வகுப்புச் செல்வி வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "டீச்சர், ஐஸ் மெதக்கத்தான செய்யும்?" என்றாள்.

"அப்புறம் ஏன்டி முங்கும்னு கத்துன?"

"டீச்சர எதுத்துப் பேசக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காக."

"நான் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லணும். நாளைக்கு எந்திரிச்சுச் சொல்லு."

"எல்லாரும் சிரிப்பாளுக டீச்சர்" என்று ஓடிவிட்டாள்.

சிரிக்கட்டும். சரியான விடையை நானாகச் சொல்லப்போவதில்லை. நாளைக்கும் அதையேதான் சொல்வேன், மறுநாளும் சொல்வேன். தலைமையாசிரியர் பாராட்டினால் பாராட்டிக்கொள்ளட்டும். ஒருத்தியாவது எழுந்து "இல்ல டீச்சர்" என்று சொல்லும்வரை என் வகுப்பில் ஐஸ் மூழ்கிக்கொண்டேதான் இருக்கும்.