உங்கள் தங்கச்சி மகனுக்குப் பெண்

ஜெயாவின் அப்பாவுக்கு ஒச்சாயி கும்பிட்டு எழுதுவது. மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நானும் ஜெயாவும் சுகம். போன வாரம் விரலில் கத்திரி பட்டது. ஆறிவிட்டது, பதற வேண்டாம்.

உங்கள் தங்கச்சி மகனுக்கு முப்பத்தாறு வயதாகிறது, திருப்பூரில் பெண் பார் என்றீர்கள். போனில் பதில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம் தெருவில் கல்யாணமாகாத ஆம்பளைகள் பதினோரு பேர். பெண் ஒருத்திகூட இல்லை. இங்கே பனியனுக்குப் பிசிறு வெட்டும் எங்கள் மேசையில் மட்டும் பதினான்கு குமரிகள். ஊரில் பெண்ணே பிறக்கவில்லையா, பிறந்ததெல்லாம் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டதா? இரண்டும்தான் போலிருக்கிறது.

என் பக்கத்தில் உட்காரும் சித்ராதேவி நம் ஊர்ப்பக்கம்தான். அவளிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லு ஆத்தா. அங்க வந்து குழாயடியில குடத்தோட நிக்க என்னால ஆகாது" என்று சிரித்தாள்.

அவன் இங்கே வருவதென்றால் பேசி முடிக்கலாம். ஆனால் ஜெயா மூன்றாவது பெண்ணாகப் பிறந்த அன்று, பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனைத் தண்ணீர் தொட்டு வைக்கக் கூப்பிட்டதற்கு, "பொட்டப்புள்ளைக்கு என்ன சேனை?" என்று வாசலோடு திரும்பியவள் உங்கள் தங்கச்சி. அன்று ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய், நான் மறக்கவில்லை.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் பிடிக்கவில்லை. நம் வெள்ளாடு குட்டி போட்டதா என்றும் எழுதுங்கள்.

கம்பெனியில் சங்கு ஊதிவிட்டது, போகிறேன். பெண் பார்த்துத் தரச் சொல்லி உங்கள் தங்கச்சி என்னிடம் கேட்க வேண்டாம். அன்று சேனை வைக்காமல் விட்டுப் போன ஜெயாவிடம் கேட்கட்டும்.