கீழே, இடப்பக்கம்

மார்ச் 4

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அது நானாகவும் இருக்கலாம் சார்."

மருந்து பாட்டில்களைச் சோதிக்கப்போகும் கேமராவுக்கு நானும் பக்கத்து நாற்காலி வாயாடியும்தான் பாடம் நடத்தினோம். திரையில் ஒரு பாட்டிலின் படம் வரும். ஒன்றரை நொடிக்குள் நல்லதா, விரிசலா என்று பொத்தானை அழுத்த வேண்டும். ஆளுக்கு ஒன்பதாயிரம் படம். அதைப் பார்த்துத்தான் மெஷின் கற்றுக்கொள்கிறது. இன்று தேர்வு வைத்தார்கள். பாட்டிலின் அடியில், இடப்பக்கம் விரிசல் இருந்தால் மட்டும் பாதிக்குப் பாதி கோட்டை விடுகிறது.

"மெஷின் மேல தப்பில்லை. யாரோ அப்படிப் பழக்கியிருக்காங்க" என்றார் இன்ஜினியர். இருவருக்கும் ஒரே கடவுச்சொல். எது யார் பார்த்தது என்று தெரியாது. எல்லோரும் வாயாடியைப் பார்த்தார்கள். வேலை நேரத்தில் ஓயாமல் பேசுகிறவள் அவள்தானே.

நானும் அவளைப் பார்த்தேன்.

மார்ச் 5

நான் கவனமாகத்தான் பார்த்தேன். கவனமாகத்தான்.

மார்ச் 7

காலையில் கதவு நிலையில் மறுபடி இடித்துக்கொண்டேன். இடது முழங்கால், அதே இடம். "அந்தக் கதவு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் தம்பி. புத்தகத்தைப் படித்துக்கொண்டே நடந்தால் இப்படித்தான் என்று அம்மா அலுத்துக்கொண்டாள். என் கையில் புத்தகம் இல்லை.

வாயாடியை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. போகும்போது, "இனிமே காதுக்கு நிம்மதிடி உனக்கு" என்றாள். சிரித்தபடிதான்.

மார்ச் 10

மதிய இடைவேளை, அறையில் யாருமில்லை. மெஷின் தவறவிட்ட நூறு படங்களை எடுத்து அதே வேகத்தில் ஓடவிட்டேன். நாலு விரிசல் கண்ணில் பட்டது. பிறகு, ஏன் தோன்றியதோ, எல்லாப் படத்தையும் தலைகீழாகத் திருப்பி ஓட்டினேன்.

தொண்ணூற்று மூன்று.

ஐயோ. அத்தனையும் அங்கயேதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியலை. ஆனா இருட்டா எதுவும் இல்லையே? ஒரு இடம் காணாமல் போனால், போனது கூடவா தெரியாது?

மெஷின் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. என்னைப் படித்திருக்கிறது.

மார்ச் 11

சொல்லவில்லை.

மார்ச் 12

சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவளுடையது. இதுல யோசிக்க என்ன இருக்கு? — வேலையா என் பயம்? இல்லை. சொல்லிவிட்டால் அடுத்து டாக்டரிடம் போக வேண்டும்.

மார்ச் 13

சொல்லிவிட்டேன். படங்களை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். இன்ஜினியர் திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "இதை விடும்மா. முதல்ல டாக்டர்கிட்ட போ."

பேக்கிங்குக்கும் நானே போனேன். வாயாடி பெட்டி ஒட்டுவதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு நாளா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் பேசாமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 17

கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். அவர் முடிக்கவில்லை. தலைக்குள் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

ஜூலை 2

மார்ச் முடிவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி, புற்று இல்லை. படங்கள் அத்தனையையும் வேறு ஆள் திரும்பப் பார்த்துக் கொடுத்ததும் மெஷின் மூன்றே நாளில் திருந்திவிட்டதாம். எனக்குப் பார்வையில் போன இடம் போனதுதான். தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பயிற்சி. மூன்று மாதமாகிறது, இன்னும் மறந்துபோகிறேன்.

இன்று வேலைக்குத் திரும்பினேன். இனி எனக்குக் காகித வேலை மட்டும். வாயாடி பழைய இடத்தில் இருந்தாள். இத்தனை நாளில் ஒரு போன்கூடச் செய்யாதவள், எழுந்து, தன் நாற்காலியை இழுத்துவந்து என் இடப்பக்கம் போட்டாள்.

"திரும்பிப் பார்த்தாத்தான் பேசுவேன்."

சாயங்காலம் ஐந்து மணிவரை பேசினாள். கழுத்து வலிக்கிறது.