நாலு பேர் சஹன்

அன்பு மச்சான்,

ஸலாம். நம் கழகத்தார் ஓராண்டுக்குப் பிறகு மறுபடியும் சுற்றுலா போகிறார்கள். இந்த வெள்ளி ஜும்மா முடிந்ததும் சம்மாந்துறையில் ஒரு வயல்வாடி, அடுத்த மாதம் நிந்தவூரில் விருந்து. கடலுக்கு வேண்டாமென்று நான்தான் சொன்னேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

சாப்பாடு வழமைபோல் சஹனில்தான், ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர். நம் தட்டில் மட்டும் இம்முறை நாலு பேர். உன் இடத்திலும் உன் மகன் ஸஹீதின் இடத்திலும் ஆள் வைக்க நான் விடவில்லை.

போன சுற்றுலாவில் உன்னைக் கேட்காமல் கடலில் இறங்கினான் என்று கோபித்து, நீ அவனை அடக்கிய கபுறடிக்கே போவதில்லையாம்.

அவன் கேட்டான், மச்சான். "வாப்பா, குளிக்கட்டா?" என்று உனக்குப் பின்னால் நின்று கேட்டான். நீ அஸர் தொழுதுகொண்டிருந்தாய். "ஓம், போ மகன்" என்று சொன்னது நான்.

உன் கூட்டாளி